பக்க வடிவமைப்புக்குச் சந்தா கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி (ஜார்ஜ்டவுன், பினாங்கு):
வணக்கம். திருமண அழைப்பிதழ்களும் கோயில் விழா மலர்களும் அச்சிடும் சிறிய அச்சகம் நடத்துகிறேன். கணக்குவழக்கை இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸில் வைத்திருப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் சந்தாவையும் நிறுத்திவிட்டு, அதே வேலைக்கு இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரைபஸுக்கு மாறலாமா?

பதில் 1 (பிரிக்பீல்ட்ஸ்):
ஐயா, ஸ்கிரைபஸின் பழைய 1.4 பதிப்பில் ‘திருநிறைச்செல்வி’ என்று தட்டினால், கொம்பு சகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். மணப்பெண்ணின் தந்தையிடம் அந்தப் படியைக் காட்டிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 2024இல் வெளிவந்த 1.6 பதிப்பில் யூனிகோடு தமிழ் ஒழுங்காக அமைகிறது. அச்சுக்குரிய நான்கு வண்ணப் பிரிப்பும் உண்டு. ஆனால் இன்டிசைனின் மூலக் கோப்புகளை அது திறக்காது. ஆகவே, சந்தா முடிவதற்குள் பழைய வேலைகள் அனைத்தையும் ஐடிஎம்எல் வடிவிலும் (ஸ்கிரைபஸ் திறக்கக்கூடிய இன்டிசைன் பரிமாற்றக் கோப்பு) பிடிஎஃப் வடிவிலும் சேமித்துவிடுங்கள். ஐடிஎம்எல்லைத் திறந்த பிறகும் வரி இடைவெளிகளைக் கையால் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

பதில் 2 (செந்தூல்):
முந்தைய பதிலோடு ஒன்று சேர்க்கிறேன். பழைய மலர்கள் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் இருந்தால், எந்த மென்பொருளுக்கு மாறினாலும் முதலில் அவற்றை மாற்றியாக வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு மலர்கள்தாம் என்றால் ஸ்கிரைபஸே போதும். வாடிக்கையாளர்கள் இன்டிசைன் கோப்பாகவே அனுப்பித் திருத்தக் கேட்பவர்களானால், சந்தாவை விடாதீர்கள். சந்தாவை நிறுத்தினால் மிச்சமாகும் ரிங்கிட்டில் நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றை உரிமத்தோடு வாங்கலாம். என் கணக்கில் அதுவே காசு கொடுக்கத் தகுந்த பொருள்.