கிட் கார் உடலின் சமச்சீர்: புதுப்பிப்பு

என் கிட் காரின் (உதிரிப்பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கார்) இடப்பக்க முன் மட்கார்டு வலப்பக்கத்தைவிட 11 மி.மீ. தாழ்ந்திருப்பதைச் சொல்லி, புட்டி பூசியே அதைச் சமன்செய்துவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அந்த யோசனையைக் கைவிட்டு, மட்கார்டையே அறுத்து உயர்த்துவதென முடிவுசெய்தேன். அவ்வளவு தடிமனாகப் பூசிய புட்டி, வளைந்துகொடுக்கும் ஃபைபர் உடலின் மேல் நாளடைவில் வெடிக்கவே செய்யும்.

அறுப்பதற்கு முன், சேஸியை (காரின் அடிச்சட்டம்) மட்டப்படுத்தி, தூக்குக்குண்டு கொண்டு நடுக்கோட்டைத் தரையில் குறித்து, அங்கிருந்து இருபுறமும் மீண்டும் அளந்தேன். 4 மி.மீ. வித்தியாசம் உடலைச் சேஸியில் கோணலாகப் பொருத்தியதால் வந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது (முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்). இடையில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்ததும் அது தீர்ந்தது. மீதி 7 மி.மீ. உடலை வார்த்த அச்சிலேயே நேர்ந்த பிழை.

மட்கார்டை நீளவாக்கில் அறுத்து, மேல்பகுதியை உயர்த்தி மரச்சட்டங்களால் தாங்கி, உட்புறத்தில் மூன்று அடுக்குக் கண்ணாடி இழைப்பாயைப் பாலியஸ்டர் ரெசினில் நனைத்து ஒட்டினேன். வெட்டு விளிம்பின் வெளிப்புறத்தில் ஜெல்கோட்டை (ஃபைபரின் வழவழப்பான மேல்பூச்சு) முழுவதும் நீக்கிச் சரிவாகத் தேய்த்த பிறகே அங்கும் அடுக்குகளை ஏற்றினேன். இல்லையேல் புதியது பழையதைப் பற்றாது. தேய்க்கும்போது எழும் ஃபைபர் தூள் சட்டையைத் தாண்டியும் மணிக்கட்டில் அரிக்கிறது. முகமூடி இல்லாமல் தொடவே கூடாது.

வலப்பக்க வளைவில் எடுத்த பிளைவுட் டெம்ப்ளேட்டைத் திருப்பி இடப்பக்கத்தில் வைத்தால், விளக்குக் குழியருகே மட்டும் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி தெரிகிறது. கருப்பு பெயின்ட்டை மெல்லியதாகத் தெளித்து, நீளக்கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தபோது, கருமை அழியாமல் நின்ற பள்ளமும் அதே இடம்தான். அதற்கு மட்டும் புட்டி போதும்.