சகட யோகம்: ஜோசியர் சொல்லா, பழைய சொல்லா?

டெம்போ மருமகன்:
எங்கள் மாமா சங்ககிரியில் லாரி ஓட்டியவர். ஒரு லாரி மூன்றானது. மூன்றும் பைனான்ஸ்காரர்களிடம் போனது. மறுபடி ஒன்று வந்து, அதுவும் போய், இப்போது ஒரு குட்டி டெம்போ. ஒவ்வொரு முறையும் அம்மாயி சொல்வது ஒன்றுதான்: "அவஞ் சாதகத்துல சகடயோகம் கண்ணு. ஏறும், எறங்கும்." போன வாரம் டெம்போ பூஜையில், டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டே அதையே சொன்னார். மாமா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அது என்ன சகடம்?

கட்டப்பலகை:
ஜாதகக் கட்டத்தில் குரு நிற்கும் வீட்டிலிருந்து எண்ணி 6, 8, 12ஆம் வீட்டில் சந்திரன் நின்றால் சகட யோகம். பன்னிரண்டு வீட்டில் மூன்று என்றால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இருக்கும். பயப்பட வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள். லக்னத்துக்குக் (ஜாதகத்தின் முதல் வீடு) கேந்திரத்தில், அதாவது 1, 4, 7, 10ஆம் வீட்டில், சந்திரன் இருந்தால் யோகம் பங்கம், பலிக்காது.

ஏட்டுச்சுரைக்காய்:
சொல் ஜோசியத்தைவிடப் பெரியது. சகடம் என்றால் வண்டி. வடமொழிச் 'சகட' தமிழுக்கு வந்தது. திருப்பாவையில் கண்ணன் உதைத்த 'பொன்றச் சகடம்' அந்த வண்டிதான்.

ஏறி இறங்கும் பொருளுக்கு நாலடியாரின் இரண்டாம் பாட்டைப் பாருங்கள்: "அகடுற யார்மாட்டும் நில்லாது செல்வம் சகடக்கால் போல வரும்." பணம் யாரிடமும் நிலையாக நிற்காது, வண்டிச் சக்கரம்போல் சுற்றிவரும். இங்கே 'கால்' என்றால் சக்கரம். குறளில் (496) "கடலோடா கால்வல் நெடுந்தேர்" என்று வருகிறதே, அதே கால். பள்ளியில் இதைக் காலில்லாத தேர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது வேறு கதை.

அந்தப் பாட்டு பயமுறுத்தவில்லை. பணம் வந்த நாளிலிருந்தே, மாடு பூட்டி உழுது விளைந்த சோற்றைப் பலரோடு சேர்ந்து சாப்பிடு என்கிறது. ஜாதகக்காரர்கள் சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சோற்றை விட்டுவிட்டார்கள்.

கரைவழி:
எங்கள் பக்கம் "ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்" என்போம். யோகமெல்லாம் கேட்பதில்லை.

டெம்போ மருமகன்:
எல்லாருக்கும் நன்றி. நாலடியார் வரியை மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மூன்று லாரி இருந்தபோது டிரைவர், கிளீனர் எல்லோருக்கும் அத்தைதான் சமைத்துப் போடுவாராம். "சோத்துக்கணக்கு சரியாத்தான் இருக்குது" என்றார். அப்புறம் இன்னொரு மெசேஜ்: "கால்னா சக்கரமா? அப்ப ஸ்டெப்னிக்கு என்ன பேருன்னு கேட்டுச் சொல்லு."