டைஹைட்ரோஆர்ட்டிமிசினின்: எச்பிஎல்சியில் இரண்டு பீக் ஏன்?

கரைப்பான்:
மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினை, டைஹைட்ரோஆர்ட்டிமிசினின் கிடைக்க, மெத்தனாலில் சோடியம் போரோஹைட்ரைடு போட்டு ரிடக்‌ஷன் செய்கிறோம். டிஎல்சியில் (மெல்லிய தகட்டில் பிரித்துப் பார்க்கும் சோதனை) தொடக்கப் பொருள் மிச்சமில்லை. ஆனால் எச்பிஎல்சியில் (கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் கருவி) இரண்டு பீக். சிலிக்காவில் ஒன்றைப் பிரித்தெடுத்து மறுபடி ஏற்றினாலும் இரண்டுதான். எது அசுத்தம்? அடுத்து இதிலிருந்து ஆர்ட்டிசுனேட் என்ற மருந்தைச் செய்து மலேரியா ஒட்டுண்ணி மேல் சோதிக்க வேண்டும்.

லாக்டால்:
இரண்டும் உங்கள் சரக்குதான். மூலக்கூறின் லாக்டோன் (வளைய எஸ்டர்) லாக்டால் (வளையத்தில் ஓஎச் உள்ள வடிவம்) ஆனதும் 10ஆம் கார்பனில் ஆல்ஃபா, பீட்டா என இரு வடிவங்கள் வரும். கரைசலில் ஒன்று மற்றதாக மாறிக்கொண்டே இருக்கும். பிரிக்க முயல்வது வீண். இரண்டு பீக்கின் பரப்பையும் கூட்டிக் கணக்கிடுங்கள்.

கவலைப்பட வேண்டியது பெராக்சைடு பாலம் (இரண்டு ஆக்சிஜன்களின் இணைப்பு). மருந்தின் வேலை முழுக்க அதில்தான்: ஒட்டுண்ணிக்குள் ஹீமின் (ஹீமோகுளோபினின் இரும்புள்ள பகுதி) இரும்பு அதை உடைக்கும்போதுதான் நச்சு பிறக்கிறது. பல்லேடியம்-ஹைட்ரஜன் பக்கம் போகவே வேண்டாம், ஒரு ஆக்சிஜன் கழன்று வேலை செய்யாத டிஆக்சி வடிவம் வந்துவிடும். மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் மூலக்கூறு எடை 284க்குப் பதில் 268 தெரிந்தால் பாலம் போய்விட்டது என்று பொருள்.

1 கிராம் ஆர்ட்டிமிசினினுக்கு 0.3–0.35 கிராம் போரோஹைட்ரைடு, சிறிது சிறிதாக, 0–5 டிகிரியில். ஹைட்ரஜன் வெளிவரும், மூடி இறுக்காதீர்கள். முடிந்ததும் நீர்த்த அசிட்டிக் அமிலத்தால் நடுநிலைக்குக் கொண்டுவந்து, ஐஸ் தண்ணீரில் ஊற்றி வடிகட்டுங்கள். சூடுகாட்டாமல் வெற்றிடத்தில் உலர்த்துங்கள். இந்த மூலக்கூறுக்கு யூவியில் உறிஞ்சல் மிகக் குறைவு, அதனால் எச்பிஎல்சியை 210 நானோமீட்டரில் வையுங்கள். டிஎல்சிக்கு யூவி விளக்கை நம்பாமல் அனிசால்டிஹைடு-கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்கிப் பாருங்கள்.

மூலக்கூறுப்பித்தன்:
ஆர்ட்டிசுனேட்டுக்கு சக்சினிக் அன்ஹைட்ரைடும் ட்ரைஎதிலமீன் போன்ற காரமும். ஆல்ஃபா வடிவமே பெரும்பாலும் கிடைக்கும். இன்னொரு மலேரியா மருந்தான ஆர்ட்டிமெதர் வேண்டுமானால் மெத்தனாலும் அமிலமும். அங்கே பீட்டா ஓங்கும். ஆர்ட்டிசுனேட்டின் எஸ்டர் தண்ணீரில் சீக்கிரம் உடையும். பரவலாகக் கிடைக்கும் ஊசி மருந்தே 60 மில்லிகிராம் தூளாக வந்து, போடும் நேரத்தில்தான் 5% சோடியம் பைகார்பனேட் 1 மில்லியில் கரைக்கப்படுகிறது. உங்கள் ஸ்டாக் கரைசலையும் பஃபரில் (பிஎச் மாறாத நீர்க்கரைசல்) வைக்காதீர்கள்.

வட்டவடிவம்:
வழக்கமான 48 அல்லது 72 மணிநேர ஐசி50 (வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கும் மருந்தளவு) மட்டும் போதாது. கே13 மரபணுத் திரிபால் வரும் மருந்து எதிர்ப்பு அதில் பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் எதிர்ப்பு ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழைந்த புதிதில் வரும் இளம் வளைய நிலையில்தான் இருக்கிறது. 0–3 மணிநேர வளையங்களை எடுத்து, 700 நானோமோலார் டைஹைட்ரோஆர்ட்டிமிசினினில் 6 மணிநேரம் வைத்து, நன்றாகக் கழுவி, 72ஆவது மணியில் உயிரோடிருப்பதை எண்ணுங்கள். மருந்தில்லாத தட்டோடு ஒப்பிட்டு 1 சதவீதத்தைத் தாண்டினால் எதிர்ப்பு. கழுவலில் மருந்து மிஞ்சினால் எதிர்ப்புள்ள ஒட்டுண்ணியும் செத்துப்போய், முடிவு பொய்யாக நன்றாகத் தெரியும்.