மறுமொழி: வம்சாவளி நூல், தலைக்கு 150 டொலர் விடயம்

எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் நெடுந்தீவு வம்சாவளி நூலை அச்சடிக்கத் தலைக்கு 150 டொலர் கேட்டுச் செயலாளர் அண்ணை திரும்பத் திரும்ப நினைவூட்டல் போடுகிறார், நான் இன்னும் காசு கட்டவில்லை. ஏன் என்று வைபரில் துண்டு துண்டாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. வாசிகசாலைக் கூரைக்கென்று சேர்த்ததில் மிச்சம் எவ்வளவு, அது யாருடைய பெயரில் கிடக்கிறது? லண்டன் மாமா கேட்டபோது "அடுத்த கூட்டத்தில்" என்றீர்கள். கூட்டம் நடந்தது, கொத்துரொட்டி நல்லாயிருந்தது, கணக்கு வரவில்லை. அது வராமல் புதுக் காசு கேட்பது சரியில்லை.

இனி நூல். அனுப்பிய மாதிரிப் பக்கங்களைப் பார்த்தேன். தனிநாயக முதலியில் தொடங்கி, நடுவில் ஒன்றுமே இல்லாமல், ஒரே கோட்டில் பாரிஸ் சித்தப்பாவின் பூட்டனில் வந்து நிற்கிறது. சேயூரிலிருந்து வந்த தனிநாயகனை நெடுந்தீவில் இருத்தியதாக யாழ்ப்பாண வைபவமாலை என்ற பழைய வரலாற்று நூலில் இருக்கிறது, தெரியும். தமிழறிஞர் தனிநாயகம் அடிகளும் தகப்பன் வழியில் எங்கள் தீவுதான், பெருமைதான். ஆனால் மயில்வாகனப் புலவர் அதை எழுதியது ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில், அது சொல்லும் குடியேற்றமோ அதற்குப் பல நூறு வருடம் முந்தியது. அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு ஊர் முழுவதையும் ஒருவரின் பிள்ளைகளாக்க முடியாது. தீவை ஆண்டதாகப் பழங்கதைகள் சொல்லும் வெடியரசனில் கதையைத் தொடங்குகிற குடும்பங்களும் அதே தீவில்தான் இருந்தன. அவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள், ஏன் என்றும் எல்லாருக்கும் தெரியும்.

பொம்பிளைகளின் பெயர்கள் எங்கே? என் அம்மம்மா உங்கள் வரைபடத்தில் "மனைவி" என்று மட்டும் நிற்கிறா. சீதனக் காணி தாயிடமிருந்து மகளுக்குப் போன ஊர் இது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையிலேயே தகப்பன் வழிச் சொத்தான முதுசம் ஆண்பிள்ளைக்கு, சீதனம் பெண்பிள்ளைக்கு என்று இருக்கிறது. ஒரு வளவு யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பார்த்தால் பாதி வழி பெண்கள் வழி. அதை விட்டுவிட்டு ஆண்களை மட்டும் அடுக்கினால் வம்சாவளி நொண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னால், பாட்டன் பெயர் பேரனுக்கு. கந்தையா ஆறுமுகம், ஆறுமுகம் கந்தையா என்று தலைமுறை தலைமுறையாக மாறி மாறி வந்தால், எந்தக் கந்தையா எவர் என்று எப்படிப் பிரிப்பது? காணி உறுதிப் பத்திரத்தை வைத்துத்தான். உறுதியில் காணிக்குப் பெயர் இருக்கும், எல்லை இருக்கும், பக்கத்து வளவுக்காரர் பெயர் இருக்கும். போர்த்துக்கேயர் 1645 இல் எழுதிய தோம்பும் (அரசுப் பதிவேடு), பிறகு ஒல்லாந்தர் காணிகளுக்கும் ஆட்களுக்கும் எழுதிய காணித் தோம்பு, தலைத் தோம்புகளும் இதற்கு உதவும். கொழும்பு சுவடிக்கூடத்தில் யாழ்ப்பாணத் தோம்புகள் இருக்கின்றன. தேடப் போகிறவர்கள் தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த டெல்ஃப்ட் என்ற பெயரிலும் தேட வேண்டும், போர்த்துக்கேயர் காலத்துக்கு "பசுத்தீவு" என்று அவர்கள் தங்கள் பாஷையில் எழுதியதையும் பார்க்க வேண்டும்.

தோம்பைத் திறந்தால் சில பெரியவர்களுக்குக் கோபம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானம் வாங்காமல் கலியாணம் பதியவோ உத்தியோகம் பார்க்கவோ சிரமம். அதனால் வீட்டில் விபூதி பூசிக்கொண்டே ஏட்டில் பெயருக்கு முன் "டொன்" என்ற போர்த்துக்கேயப் பட்டம் போட்டு நின்றவர்கள் நிறையப் பேர். அப்படி ஒரு பூட்டன் கிடைத்தால் என்ன செய்வீர்கள், வெட்டுவீர்களா? நோலன் துரை கதையையும் எடுத்துவிட்டீர்கள் என்று கேள்வி. 1800களின் தொடக்கத்தில் குதிரை வளர்க்க வந்து தீவையே ஆண்ட ஐரிஷ்காரர், அவர் மேல் முறைப்பாடு போய் விசாரணையும் நடந்தது. பூனைக்கண்ணோடு யார் பிறந்தாலும் ஊரில் நோலனை இழுப்பார்கள். வதந்தியை வம்சாவளியில் போடச் சொல்லவில்லை. வரலாற்றுப் பகுதியில் அந்த மனிதர் இல்லாமல் குதிரை லாயத்தைப் பற்றி எப்படி எழுதுகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது முக்கியமான விசயம். போன ஆடியில் தங்கச்சி ஊருக்குப் போனா. குறிகட்டுவானில் வள்ளம் ஏறி, காற்றுக்காலமென்று வாந்தி எடுத்துப் போய்ச் சேர்ந்தவ எங்கள் பெரிய வீட்டைப் பார்த்து அழுதுகொண்டு போன் எடுத்தா. ஆச்சியின் தகரப்பெட்டி ஒழுகுகிற மூலையில் கிடக்கிறதாம், அடிப்பக்கம் கறையான். மேலே இருந்த உறுதிகள் மட்டும் பிழைத்திருக்கின்றன. கிணற்றடி அத்தான் "உரிமைக்காரர் எல்லாரும் வந்தால்தான் திறப்பு தருவேன்" என்று பெட்டியைத் தொடவிடவில்லை. உரிமைக்காரர் கனடா, பிரான்ஸ், நோர்வே, கிளிநொச்சி என்று நாற்பது பேர். எல்லாரும் ஒரே நாளில் எப்போது வருவது? வன்னிக் குடியேற்றத்துக்குப் போன குடும்பங்களிடம் இருந்த கடதாசிகள் இடப்பெயர்வில் போய்விட்டன, பலருக்குத் தீவில் இருக்கிற பிரதிதான் மிச்சம்.

நான் கேட்பது இதுதான். அச்சடிப்பதை நிறுத்தி வையுங்கள். ஊரில் இருக்கிற இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுத்து வீடு வீடாக உறுதிகளைப் படம் எடுக்கச் சொல்லுங்கள், அதற்கு நான் 150 அல்ல, 300 தருகிறேன். 1985 மே 15 குமுதினிப் பயணிகள் படகில் போனவர்களை உங்கள் வரைபடத்தில் "காலமானார்" என்று போட்டிருக்கிறீர்கள். அவர்கள் காலமாகவில்லை, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெயரையும் திகதியையும் ஒழுங்காகப் போடுங்கள், பிள்ளைகளின் பெயர்களையும் சேர்த்து.

ஸ்காபரோவிலிருந்து, சின்ன வீட்டு மூத்தவள்

---

பிள்ளை,

நீ படித்தவள், எழுதுவாய். தனிநாயக முதலியில் கை வைத்தால் நான் குழுவை விட்டுப் போகிறேன், அவ்வளவுதான். எங்கள் வழியில் டொன்னும் இல்லை, மதம் மாறினவனும் இல்லை. என் தகப்பன் சொன்னது, அவருக்கு அவருடைய தகப்பன் சொன்னது.

பெட்டியைத் திறக்கச் சொல்கிறாய், நல்லது, திறக்கட்டும். திறந்தால் தெற்கு வளவுக் கிணற்றுப் பங்கு உறுதியும் வெளியே வரும். அது என் அக்காவின் சீதனம். அது எப்படி உன் கொப்பரின் கைக்குப் போனது என்று அப்போது கதைப்போம். பொம்பிளைகளின் பெயர் வேண்டும் என்கிறாயே, முதலில் அவவின் பெயரைப் போடு.

நான் 150ம் கட்டி மூன்று மாதம். செயலாளர், ரசீது இன்னும் வரவில்லை.

பாரிஸ் சித்தப்பா