தவளைகள் சில இடங்களில் மட்டும் ஏன் குவிந்து கிடக்கின்றன? தட்பவெப்பமா, வரலாறா?

தலைப்பிரட்டை:
தவளை போல நீரிலும் நிலத்திலும் வாழும் இருவாழ்விகளின் உலகப் பரவல் வரைபடத்தில், இனங்கள் அதிகமுள்ள அமேசானின் மேற்கு ஓரமும் ஆண்டிஸ் அடிவாரமும் அடர் சிவப்பு. துருவப் பக்கம் போகப் போக வெளிறிவிடுகிறது. ஈக்வடாரில் சாந்தா செசிலியா என்ற ஒரே இடத்தில், சில சதுர கிலோமீட்டருக்குள், 80-க்கும் மேற்பட்ட தவளை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. ஐரோப்பா முழுவதையும் சேர்த்தாலே இருவாழ்விகள் ஏறக்குறைய அவ்வளவுதான். மழையும் வெப்பமும் கூடினால் இனங்களும் கூடும் என்று சொல்லிப் பாடப்புத்தகம் முடித்துவிடுகிறது. விஷயம் அவ்வளவுதானா?

மழைமானி:
பெரும்பாலும் அவ்வளவுதான். தவளையின் தோலை நினைத்துப் பாருங்கள். அதன் வழியாகத்தான் மூச்சின் ஒரு பகுதி, அதன் வழியாகத்தான் தண்ணீரும். தவளை வாயால் குடிப்பதில்லை. ஈர மண்ணில் அடிவயிற்றை ஒட்டி உட்கார்ந்தால் அங்குள்ள மெல்லிய தோல் நீரை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே விடும் தோல் வெளியேயும் விடும் என்பதுதான் சிக்கல். காய்ந்த காற்றில் சில மணி நேரம் மாட்டிக்கொண்டால் பல இனங்களுக்குக் கதை முடிந்தது.

இதற்கு மேலே ஒன்று. ஈரம் உயிரைக் காப்பதோடு நிற்பதில்லை, புதுப்புது இனப்பெருக்க வழிகளையும் திறந்துவிடுகிறது. முட்டைக்கு ஓடு கிடையாது. பெரும்பாலும் காற்றே ஈரமாக இருக்கும் காட்டில்தான் குளத்தை விட்டு வெளியே முட்டையிட முடியும். கண்ணாடித் தவளை ஓடைக்கு மேல் தொங்கும் இலையில் முட்டையிடுகிறது. பொரிந்த தலைப்பிரட்டைகள் நேராக நீரில் விழுகின்றன. பிரிஸ்டிமான்டிஸ் என்ற தவளைப் பேரினம் தலைப்பிரட்டைப் பருவத்தையே தாண்டிவிட்டது, முட்டையிலிருந்து குட்டித் தவளையாகவே வெளியே வரும். அந்த ஒரு பேரினத்தில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இனங்கள்! வறண்ட நாட்டில் இந்த வழியில் பிழைக்க முடியுமா?

கண்டத்தட்டு:
அழகாகச் சொன்னீர்கள். சரி, ஹவாய்க்கு வாருங்கள். வெப்பம் இருக்கிறது, உலகிலேயே அதிக மழை பெறும் இடங்களில் சில அங்கே இருக்கின்றன. அந்த மண்ணுக்கே உரிய இருவாழ்வி எத்தனை? பூஜ்யம். 1980-களின் கடைசியில் அலங்காரச் செடிகளோடு போர்ட்டோ ரிக்கோவின் கோக்கி தவளை வந்து இறங்கியது. இன்று இரவில் அதன் கூச்சல் தாங்காமல் மக்கள் புலம்புகிறார்கள். இடம் முன்பே தயாராகத்தான் இருந்தது, தவளைதான் வந்து சேரவில்லை.

மடகாஸ்கரில் 350-க்கும் மேற்பட்ட தவளை இனங்கள், அநேகமாக எல்லாமே வேறெங்கும் இல்லாதவை. ஆனால் பல்லி போல வாலுள்ள இருவாழ்வியான சலமாண்டர் ஒன்றுகூடக் கிடையாது, காலில்லாத சிசிலியனும் கிடையாது. பக்கத்துச் செஷல்ஸ் தீவுகளில் சிசிலியன் இருக்கிறது. இதை எந்த மழை அட்டவணை சொல்லும்?

மழைமானி:
ஹவாய் நடுக்கடல் தீவு. உப்பு நீர் தவளைக்கு ஆகாது என்பது பழைய செய்தி. விதிவிலக்குகளைப் பொறுக்கி எடுத்து விதியை உடைக்கப் பார்க்காதீர்கள். கண்டங்களுக்குள் வந்து பேசுங்கள்.

கண்டத்தட்டு:
கண்டத்துக்குள்ளேயே வருகிறேன். ஆப்பிரிக்காவின் காங்கோ வடிநிலமும் நிலநடுக்கோட்டு மழைக்காடுதான். தவளை இன எண்ணிக்கையில் அமேசானுக்குப் பக்கத்தில் கூட அது வருவதில்லையே, ஏன்?

மழைமானி:
ஏனென்றால் காங்கோ அவ்வளவு ஈரமில்லை. அங்கே பெரும்பகுதிக்கு ஆண்டு மழை 1,500 முதல் 2,000 மி.மீ. மேற்கு அமேசானில் பல இடங்களில் 2,500-ஐத் தாண்டும். இரண்டையும் காடு என்ற ஒரே பெட்டியில் போட்டால் வித்தியாசம் தெரியாதுதான்.

கண்டத்தட்டு:
இன்றைய மழையை மட்டும் பார்க்கிறீர்கள். பனியுகக் காலங்களில் ஆப்பிரிக்காவின் மழைக்காடு வறண்டு சுருங்கியது. அப்போது எத்தனை இனங்கள் போயிருக்கும்?

என் உண்மையான குறை வேறு. வெப்பமும் ஈரமுமாக இன்று இருக்கும் இடங்கள்தான் பெரும்பாலும் நெடுங்காலமாகவே அப்படி இருந்தவை. இரண்டும் கைகோத்து வருகின்றன. வரைபடத்தில் மழையும் இனங்களும் பொருந்துகின்றன என்பதால் மட்டும் மழைதான் காரணம் என்று ஆகிவிடாது.

மரத்தவளைக் குடும்பத்தை வைத்து ஜான் வீன்ஸ் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. வெப்பமண்டலத்தில் புது இனங்கள் வேகமாகப் பிறக்கின்றன என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தக் குடும்பம் ஒரு பகுதிக்குள் எவ்வளவு காலத்துக்கு முன் நுழைந்தது என்பதோடுதான் இன எண்ணிக்கை ஒத்துப்போனது. முதலில் குடியேறிய இடத்தில் கூட்டம் அதிகம், அவ்வளவே.

மழைமானி:
அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்லுங்கள். வெப்பமண்டலக் கிளைகள் பல வடக்கே ஏறாமல் நின்றதற்கும், கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டுக்கும் தொடர்பு இருந்தது. கதவை அடைத்தது யார்? தட்பவெப்பம்தானே?

இன்னொன்று. அண்டார்டிகாவின் சீமோர் தீவில் கிடைத்த ஒரு தவளைப் புதைபடிவத்தை 2020-ல் அறிவித்தார்கள். வயது சுமார் 4 கோடி ஆண்டுகள், அதன் உறவினர்கள் இன்று சிலியில் வாழ்கிறார்கள். அங்கே தவளை போய்ச் சேர்ந்திருந்தது. பிறகு துடைத்தெறிந்தது பனி.

சதுப்புநிலம்:
இருவரும் பெரிய பெரிய கட்டங்களாக உலகத்தைப் பிரித்துவைத்துச் சண்டை போடுகிறீர்கள். தவளை அந்தக் கட்டத்தில் வாழவில்லை, ஒரு மலைச்சரிவில் வாழ்கிறது.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். குளிர்நாடுகளில் ஒரே இடத்து உயிர் கோடையையும் பனியையும் சேர்த்தே தாங்கப் பழகியிருக்கும், அதனால் பள்ளத்தாக்கில் இறங்கி அடுத்த மலைக்கு ஏறுவது அதற்குப் பெரிதல்ல. நிலநடுக்கோட்டு மலையில் ஒரு உயரத்தின் வெப்பம் ஆண்டு முழுவதும் கிட்டத்தட்ட ஒன்றே. அங்கே பழகியதற்குக் கீழே இருக்கும் பள்ளத்தாக்கு கடல் மாதிரி. சூழலியலாளர் டேனியல் ஜான்சென் 1967-லேயே முன்வைத்த கருத்து இது. மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த் தவளைகளைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் வேறு கூட்டம். சராசரி மழையைக் காட்டிலும் மலையின் மடிப்புகள்தான் எண்ணிக்கையைத் தூக்கிவிடுகின்றன.

அப்புறம், வரைபடத்தின் சிவப்பையே முழுதாக நம்பவும் வேண்டாம். 1985 வாக்கில் அறியப்பட்ட இருவாழ்வி இனங்கள் சுமார் 4,000. இன்று 8,000-க்கும் மேல். டார்ச் பிடித்துக்கொண்டு ஆட்கள் எங்கே போனார்களோ அங்கே சிவப்பு கூடியிருக்கிறது.

கண்டத்தட்டு:
கணவாய், பள்ளத்தாக்கு, பிரிந்த கூட்டங்கள் எல்லாமே என் கட்சிதான், நன்றி. 2003-ல் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து விவரிக்கப்பட்ட ஊதா தவளையின் மிக நெருங்கிய உறவினர்கள் கடல் தாண்டிச் செஷல்ஸில் இருக்கின்றன. நிலத்தட்டுகள் பிரிந்த கதை அது.

சலமாண்டரை எடுத்தால் இன்னும் மோசம். மழைமானியின் கணக்கு தலைகீழாகிவிடும். அதில் நுரையீரல் இல்லாத, தோலாலும் வாயின் உட்சவ்வாலும் மட்டுமே மூச்சுவிடும் ஒரு குடும்பம் உண்டு, ஈரம் அதற்கு உயிர். ஆனால் அது மிகச் செழிக்கும் இடங்களில் ஒன்று அமெரிக்காவின் குளிர்ந்த தெற்கு அப்பலாச்சியன் மலைகள். தவளைகள் குவிந்த அமேசான் சமவெளியில் சலமாண்டர் விரல்விட்டு எண்ணும் அளவுதான். சகாராவுக்குத் தெற்கே ஒன்றுகூட இல்லை.

தலைப்பிரட்டை:
நான் கேட்டது ஒரு கேள்வி, கிடைத்தது நாலு. ஒன்று மட்டும் சொல்லுங்கள். யாரும் சரியாகத் தேடாத ஒரு காட்டில் என்ன இருக்கும் என்று உங்களில் யாரால் முன்கூட்டியே சொல்ல முடியும்?

கண்டத்தட்டு:
நியூகினியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இன்னும் நிறையப் புதுத் தவளைகள் கிடைக்கும், சலமாண்டர் ஒன்றுகூடக் கிடைக்காது. மழைக் கணக்கு இரண்டாவதைச் சொல்லவே சொல்லாது.

மழைமானி:
நியூகினியை நீங்களே கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று. அங்குள்ள தவளைகளில் ஏறக்குறைய பாதி ஒரே கிளை, குறுவாய்த் தவளைகளின் ஒரு பிரிவு. தலைப்பிரட்டைப் பருவம் இல்லாமல் தரையிலும் இலை இடுக்கிலும் முட்டையிலிருந்தே தவளையாக வருபவை. பனியுகத்தில் கடல்மட்டம் இறங்கியபோது நியூகினியும் ஆஸ்திரேலியாவும் ஒரே நிலம், நடந்தே போகலாம். அந்தக் கிளை ஆஸ்திரேலியாவுக்குள் போகவும் செய்தது. போய் எங்கே நிற்கிறது? பெரும்பாலும் வடகிழக்குக் குயின்ஸ்லாந்தின் மழைக்காட்டில். வறண்ட உள்நாட்டில் இருப்பது வேறு வகை: பூமிக்குள் புதைந்து, உரித்த தோலையே உறையாகப் போர்த்திக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும் தவளைகள். வழி திறந்திருந்தது, காலமும் இருந்தது. குறுவாய்த் தவளையை அந்த மழைக்காட்டு ஓரத்தில் நிறுத்திவைத்தது எது என்று உங்கள் கட்சிதான் சொல்ல வேண்டும்.