பால்டிமோர் பிட் பீஃப் வீட்டுல செஞ்சேன், கறி ரப்பர் மாதிரி ஆயிடுச்சு, எங்க தப்பு?

கூத்தாநல்லூர் தம்பி:
எல்லாருக்கும் ஸலாம். எங்க சாச்சா மகன் அமெரிக்காவுல மேரிலாந்துல இருக்காரு, ஊருக்கு வந்தப்ப பூரா இந்த பிட் பீஃப் பேச்சுதான். பால்டிமோர்ல புலாஸ்கி ஹைவே ஓரமா 1970கள்லேர்ந்து இந்தக் கடைங்க இருக்காம், மாட்டுத் தொடைக்கறிய முழுத்துண்டா கங்கு மேல வச்சு வெளிய கருகுற வரைக்கும் சுட்டு, உள்ள சிவப்பா விட்டு, மெஷின்ல பேப்பர் கனத்துக்கு சீவி கைசர் ரோல்ங்கற பன்னுல அடுக்கி, மேல பச்சை வெங்காயம், ஹார்ஸ்ரேடிஷ்ங்கற காரமான வேரும் மயோனிஸும் கலந்த டைகர் சாஸ், அவ்ளோதான்.

நான் ஞாயித்துக்கிழமை காலையில ஒன்றரை கிலோ வாங்கி, பப்பாளிக்காய் அரைச்சுத் தடவி ரெண்டு மணி நேரம் ஊறவச்சு, கொல்லையில செங்கல் அடுக்கி கொட்டாங்குச்சிய எரிச்சு சுட்டேன். வாசனை தெரு வரைக்கும் போச்சு. வெட்டினா மேல கொழகொழன்னு இருக்கு, உள்ள மெல்லவே முடியல. உம்மா ஒரு வாய் வச்சுட்டு உள்ள ரத்தமா இருக்குன்னு தட்ட தள்ளிட்டாங்க. அவங்களுக்காகத்தான் செஞ்சேன், ரொம்ப கஷ்டமா போச்சு. ஹார்ஸ்ரேடிஷுக்கு நம்ம ஊர்ல என்ன போடலாம்?

அதிரை காக்கா:
வஅலைக்கும் ஸலாம் தம்பி. முதல் தப்பு அன்னிக்கு அறுத்த கறிய அன்னிக்கே சுட்டது. அங்க கறி கடைக்கு வரும்போதே பல நாள் குளிர்ல இருந்து தளர்ந்திருக்கும், நம்ம ஊர்ல விடியக்காலம் அறுத்து ஏழு மணிக்கு வித்துடுறாங்க. ரெண்டு நாள் பிரிட்ஜ்ல வைங்க. பப்பாளிக்காய் சின்னத் துண்டுக்குத்தான், பெரிய துண்டுல மேல்தோல மட்டும் கரைச்சுடும், உள்ள போகாது. அதுக்குப் பதிலா கிலோவுக்கு 15 கிராம் உப்பு, மிளகு, பூண்டு, காஷ்மீரி மிளகாத்தூள் தடவி முதல் நாள் ராத்திரியே வச்சுடுங்க.

அதவிட முக்கியம் சீவுறது. நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பச்சையா இருக்கும்போதே பார்த்து வச்சுக்கணும், சுட்டப்புறம் கருப்புல தெரியாது. நாருக்குக் குறுக்கதான் வெட்டணும். வீட்டுல மெஷின் கிடையாது, அதனால நான் சுட்டு ஆறவச்சு பிரிட்ஜ்ல ராத்திரி பூரா வச்சு கெட்டியானப்புறம் சீவுவேன். ஒரு சீவல ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சா பின்னாடி விரலோட நிழல் தெரியணும், அந்த அளவுக்கு. அப்புறம் கறியிலேர்ந்து இறங்கின சாறு இருக்குல்ல, அத சூடாக்கி சீவல ஒரு முக்கு முக்கி பன்னுல வைங்க.

குடந்தை அக்கா:
தம்பி, கொட்டாங்குச்சிய அப்படியே எரிச்சா புகைக்கரி கறியில ஒட்டி கசக்கும், கரியாக்கினதுதான் வேணும். கங்கு மேல வெள்ளையா சாம்பல் பூத்தப்புறம் எல்லாத்தையும் ஒரு ஓரமா குவிச்சிடுங்க. நாலு பக்கமும் கங்கு மேல கருகவிட்டு, அப்புறம் கங்கு இல்லாத பக்கம் தள்ளி மூடி வச்சா உள்ள நிதானமா வேகும்.

சாஸுக்கு கடுகு போடுங்க. அந்த வேரோட காரமும் கடுகு காரமும் ஒண்ணுதான், ரெண்டும் மூக்குல ஏறுற காரம். பச்சைத் தண்ணி விட்டு அரைச்சு பத்து நிமிஷம் வச்சு அப்புறம் வினிகர் விடுங்க, வெந்நீர் விட்டா காரமே வராது. கொஞ்சம் வெள்ளை முள்ளங்கி துருவிப் பிழிஞ்சு சேர்த்தா அந்த நறநறப்பும் வரும். மயோனிஸ் முட்டை இல்லாததா வாங்குங்க, பச்சை முட்டை மயோனிஸ 2025 ஏப்ரல்ல தமிழ்நாட்டுல ஒரு வருஷத்துக்குத் தடையே பண்ணினாங்க. பன்னு பேக்கரில சீனி போடாம சுட்டுத் தரச் சொல்லிக் கேளுங்க, இனிப்பு பன்னுல இது நல்லாவே இருக்காது.

திருவாரூர் மீரான்:
ஹார்ஸ்ரேடிஷுக்கு வெள்ளைக்காரங்க அந்தக் காலத்துல முருங்கை வேரத்தான் அரைச்சுப் போட்டாங்க, முருங்கைக்கே ஹார்ஸ்ரேடிஷ் மரம்னு ஒரு பேர் உண்டு. கொல்லையில இருக்குமே?

குடந்தை அக்கா:
வேண்டாம் தம்பி. அந்த வேர்ப்பட்டையில விஷத்தன்மை இருக்கு, அதுவும் வீட்டுல வயசானவங்களுக்குக் கொடுக்கப்போறோம். கடுகே போதும்.

அதிரை காக்கா:
உம்மா சொன்னதுக்கும் ஒரு வார்த்தை. அந்த சிவப்புத் தண்ணி ரத்தம் இல்ல, தசையில இருக்கற மையோகுளோபின்ங்கற புரதம், ரத்தம் அறுக்கும்போதே ஓடிடும். ஆனா நம்ம கடைக் கறிய அமெரிக்காக்காரங்க மாதிரி பச்சையா விடாதீங்க, நாடாப்புழு பயம் இருக்கு. குத்துற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி நட்டநடுவுல 63 டிகிரி செல்சியஸ் காட்டினப்புறம்தான் இறக்கணும், கடிகாரத்த நம்பாதீங்க. இறக்கிட்டு கால் மணி நேரம் தொடாம விடுங்க.

கூத்தாநல்லூர் தம்பி:
ஜஸாக்கல்லாஹ் காக்கா, அக்கா. நான் நாரோட போக்குலயே, அதுவும் விரல் கனத்துக்கு வெட்டியிருக்கேன், இப்பதான் புரியுது. வியாழக்கிழமை கறி வாங்கி வைக்கிறேன், சனிக்கிழமை சுடுறேன். அங்க கடையிலயும் நல்லா வெந்தது வேணும்னு கேட்டா ஓரத்துலேர்ந்து சீவித் தருவாங்களாம், உம்மாவுக்கு அந்த ஓரத்துண்ட தனியா எடுத்து வச்சுடுறேன்.