பந்து எறிந்து பிடித்தபடி ஓடுவதற்கு என்ன சொல்?

களுவாஞ்சிகுடி:
வணக்கம். தரம் 10 விஞ்ஞானத்துக்குச் செயற்பாட்டுத் தாள் ஒன்று எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மூன்று பந்துகளை மாறி மாறி மேலே எறிந்து பிடித்தபடி ஓடினால் கதி எவ்வளவு குறையும் என்பதுதான் விடயம். ஜொக்கிங்கையும் ஜக்ளிங்கையும் சேர்த்து ஜொக்ளிங் என்கிறார்கள். 1989இல் ஓவன் மோர்ஸ் இப்படி 100 மீற்றரை 11.68 செக்கனில் ஓடினார். 2007இல் ரொறன்ரோவில் மைக்கல் கப்ரால் முழு மரதனையும் 2 மணி 50 நிமிடம் 12 செக்கனில் முடித்தார், கிலோமீற்றருக்குச் சுமார் 4 நிமிடம். தமிழில் என்ன போடலாம்?

வந்தாறுமூலை:
தம்பி, பெண்கள் பாடியபடி காய்களை மேலே எறிந்து பிடிக்கும் அம்மானை இருக்கும்போது ஏன் தேடுகிறீர்கள்? சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் அம்மானை வரி உண்டு, திருவாசகத்தில் திருவம்மானை உண்டு, பெண்பாற் பிள்ளைத்தமிழில் அதற்கென்று ஒரு பருவமே உண்டு. ஓடு + அம்மானை, ஓடம்மானை. நல்ல வினைத்தொகை. அடிதோறும் தோழியை விளித்த விளியே ஆட்டத்தின் பெயராகிவிட்டது என்பது என் துணிபு. இதை விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

அக்கரைப்பற்று:
சேர், புணர்ச்சி சரி. ஆனால் வாவிக்கரைப் பிள்ளைகள் அதை ‘ஓடம்’ என்றுதான் வாசிப்பார்கள். அம்மானை இருந்த இடத்தில் ஆடுவது, ஓடி ஆடுவதல்ல. ‘பந்தெறி ஓட்டம்’ என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

வந்தாறுமூலை:
எறிதல் வந்துவிட்டது, பிடித்தல் எங்கே? கந்துகவோட்டம் என்று யாரும் சொல்லுமுன் சொல்லிவிடுகிறேன்: பந்தைக் குறிக்கும் கந்துகம் வடசொல்.

ஆரையம்பதி:
கோல் அடித்து ஆடும் நம் வசந்தன் ஆட்டத்தில் கோலடியும் காலடியும் ஒரே தாளத்தில் விழ வேண்டும். கால் பிந்தினால் கோல் தவறும், ஆட்டம் பழக்கும் அண்ணாவியார் உடனே நிறுத்திவிடுவார். இந்த ஓட்டத்திலும் அடிக்கு ஓர் எறி. ‘தாளவோட்டம்’ எப்படி?

களுவாஞ்சிகுடி:
அண்ணன், அதில் பந்தே இல்லையே! ஆனால் தாளம் பற்றிச் சொன்னது தாளுக்கு உதவும். சீரான கதியில் ஓடுகிறவர் பந்தை முன்னுக்கு எறியத் தேவையில்லை. சடத்துவத்தால், அதாவது இயங்கும் பொருள் அதே இயக்கத்தில் தொடரும் இயல்பால், அது அவரோடேயே வரும், நேர்மேலே எறிந்தால் போதும். புறப்படும்போது ஆர்முடுகல் இருப்பதால் பந்து பின்தங்கும். கைகளை வீசி ஓடவும் முடியாது. குறுந்தூரத்தில் இழப்பு இதனால்தான். 100 மீற்றர் உலகச் சாதனையான உசெயின் போல்ட்டின் 9.58 செக்கனோடு ஒப்பிட வேண்டாம், ஆள் வேறு. ஒரே பிள்ளை ரெனிஸ் பந்துகளோடும் வெறுங்கையோடும் ஓடிப் பார்க்க வேண்டும்.

வந்தாறுமூலை:
ஆர்முடுகல்! தமிழ்நாட்டார் முடுக்கம் என்பார்கள். சந்தப் பாட்டிலும் முடுகு உண்டு, அங்கேயும் விரைவுதான்...

கல்முனை:
ஐயா, வெள்ளிக்கிழமை அச்சு. பிரித்து ‘அம்மானை ஓட்டம்’ என்றே போடுவோம். ஓடம் குழப்பமும் தீரும். எனக்குச் சரி.

ஆரையம்பதி:
சரி.

களுவாஞ்சிகுடி:
அப்படியே போடுகிறேன். நானா, உங்களுக்கு?

அக்கரைப்பற்று:
எனக்குச் சம்மதமில்லை. அம்மானை என்றால் என்னவென்று பிள்ளைக்கு முதலில் ஒரு பாடம் எடுக்க வேண்டும். என் வகுப்பில் பந்தெறி ஓட்டம்தான். தாளின் மூன்றாம் கேள்வியில் ‘வேகம்’ என்று விழுந்திருக்கிறது, திசையும் சேர்ந்தால்தான் வேகம், அது திசை கேட்காத இடம், அதைக் ‘கதி’ ஆக்கிவிடுங்கள்.